அக்கசாலைப் பிழையா, பட்டறை வேலையா?

கே: ஒரு ரூபாய் நாணயத்தில் ஒரு பக்கம் சிங்க முத்திரை சரியாக இருக்கிறது. மறுபக்கமும் அதே சிங்கம், ஆனால் குழிவாக, இடவலம் மாறி. 'லக்கி காயின்' என்கிறார் விற்பவர். நம்பலாமா?

ப: லக்கி என்பது அக்கசாலையில், அதாவது நாணயம் அடிக்கும் ஆலையில், நேரும் இந்த வகைப் பிழைக்கு விற்பவர்கள் சொல்லும் பெயர். அது எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அடிபட்ட நாணயம் வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வெற்று வில்லை (படம் பதியாத உலோக வட்டு) அதன்மேல் அடி வாங்கும். அப்போது ஒரு பக்கத்தில் சிங்கம் வழக்கம்போலப் புடைப்பாக விழும். மறுபக்கத்தை அச்சு தொடவே தொடாது. ஒட்டியிருந்த நாணயத்தின் சிங்கம்தான் அங்கே குழிவாகப் பதியும். ஆகவே அந்தக் குழிவுப் பக்கத்தில் ரூபாய்க் குறியின் சுவடுகூட இருக்கக் கூடாது.

போலி என்பது இரண்டு நல்ல நாணயங்களை வைஸில் (பட்டறை இடுக்கியில்) வைத்து நெரித்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்து, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். பழைய '1' நசுங்கிப்போய் அடியில் தெரியும். மேடான பாகங்கள் மட்டுமே குழிந்திருக்கும், எழுத்துகள் அரைகுறையாக இருக்கும். 'சரியான' பக்கத்துச் சிங்கத்தின் முகமும் தட்டையாகியிருக்கும். ரூபாய்க் குறியை முதலிலேயே உரசி வழித்துவிட்டு நெரிப்பவர்களும் உண்டு. அவர்களைத் தராசு காட்டிக்கொடுத்துவிடும். 2011 வகை எஃகு ஒரு ரூபாய் 3.79 கிராம் (2019 முதல் வந்த புது வகை இதைவிட எடை குறைவு). லக்கியில் உலோகம் குறைய வழியே இல்லை. 2011 வகை 3.5 கிராம் காட்டினால் வாங்காதீர்கள்.

கே: என்னிடமுள்ள 10 ரூபாயில் நடுவட்டம் மட்டும் சாய்ந்திருக்கிறது. வெளிவளையம் நேராக இருக்கிறது. அபூர்வமா?

ப: இல்லை. வளையமும் நடுவட்டமும் ஒரே அச்சில், ஒரே அடியில் வடிவம் பெறுகின்றன. இரண்டும் இறுகிச் சேர்வதும் அதே அடியில்தான். ஒரே பக்கத்தில் நடுப்படம் ஒரு திசை, வளையத்துப் படம் வேறு திசை என்று அக்கசாலையில் நேரவே நேராது. நடுவட்டத்தைத் தட்டி எடுத்துத் திருப்பிப் பொருத்தியிருக்கிறார்கள். இணைப்பு ஓரத்தில் கீறலோ மெல்லிய இடைவெளியோ தெரியும்.

கே: முன்பக்கம் நேராக இருக்க, பின்பக்கம் முழுவதும் தலைகீழாக இருந்தால்?

ப: அது நடக்கக் கூடியது, நல்ல பிழைதான். அச்சு தளர்ந்து சுழன்றுவிட்டால் அப்படி வரும். நம் நாணயங்களை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்கமும் நிமிர்ந்து நிற்க வேண்டும். சில டிகிரி சாய்வு சாதாரணம், அதற்குக் கூடுதல் விலை தராதீர்கள். 90, 180 டிகிரிக்குத்தான் மதிப்பு. ஆனால் இரண்டு நாணயங்களைக் கடைந்து ஒட்டியும் இதைச் செய்ய முடியும். விளிம்பை ஒட்டி உட்புறமாக வட்டக்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். மரமேசையில் போட்டால் ஒட்டிய நாணயம் மந்தமாக ஒலிக்கும்.

கே: ஓரத்தில் பிறை வடிவில் வெட்டுப்பட்ட 5 ரூபாய். அரத்தால் ராவியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: வெட்டை விட்டுவிட்டு, அதற்கு நேர் எதிர்ப்புற விளிம்பைப் பாருங்கள். தகட்டில் ஏற்கெனவே துளை விழுந்த இடத்தில் மறுபடி வில்லை வெட்டினால் பிறை உண்டாகும். அந்த வில்லைக்கு விளிம்பு உயர்த்தும்போது பிறைப் பக்கம் அழுத்தம் இருக்காது. அதனால் எதிர்ப்புறமும் விளிம்பு எழாமல் மங்கிப்போகும். பிறைக்கு அருகே எழுத்துகள் இழுபட்டு மெலிந்திருக்கும். ராவியதில் எழுத்து கத்தியால் நறுக்கியதுபோல் நின்றுவிடும், எதிர்விளிம்பு முழு உயரத்தில் இருக்கும். இரண்டிலும் எடை குறையும் என்பதால் இங்கே தராசு உதவாது.

கே: மஞ்சள் நிற 2 ரூபாய் கிடைத்திருக்கிறது...

ப: காந்தம் வையுங்கள். 2011 வகை 2 ரூபாய் எஃகு, 4.85 கிராம், காந்தம் ஒட்டும். அதே வகை மஞ்சள் நிற 5 ரூபாய் வில்லையில் தவறி அடிபட்டிருந்தால் காந்தம் ஒட்டாது, எடை 6 கிராம் வரும், 23 மி.மீ. வில்லை 25 மி.மீ. படத்துக்குப் போதாமல் ஓரமும் குறைபடும். ஒட்டிவிட்டால் அது முலாம்.

கே: சிங்கத்தின் மேல் ஒரு கோடு ஓடுகிறது. கீறலா, அச்சு விரிசலா?

ப: நகத்தால் தடவுங்கள். மேடாக இருந்தால் விரிசல், பள்ளமாக இருந்தால் கீறல்.

கே: இவற்றை ரிசர்வ் வங்கி லட்சக்கணக்கில் வாங்குவதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே?

ப: மோசடி. அப்படி எதையும் வாங்குவதில்லை, கமிஷன் கேட்பதுமில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. 'பதிவுக் கட்டணம்' என்று கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். நாணயத்தைப் புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். தேய்த்த நாணயத்தில் மேற்பரப்பு அழிந்துவிடும், அசல் பிழையைக்கூட நிரூபிக்க முடியாமல் போகும்.