ஆண் பிள்ளை நர்சிங் படிக்கலாமா?

கேள்வி: என் மகன் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்துத் தேறியிருக்கிறான். பி.எஸ்சி. நர்சிங்தான் சேருவேன் என்கிறான். "அது பெண் பிள்ளைகள் படிப்பு, இவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?" என்று அவன் சித்தப்பா தடுக்கிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், சேரன்மகாதேவி

பதில்: சேர்த்துவிடுங்கள், அம்மா. நர்சிங் வகுப்பெடுக்கும் எனக்கு, யாரும் தள்ளாமல் தானாக இந்தப் படிப்பைக் கேட்டு வரும் பையன் எவ்வளவு அரிது என்று தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கைப்படி உலகச் செவிலியர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் பெண்கள். நம் வகுப்பறைகளிலும் பையன்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

இந்தக் குறையால் முதலில் அவதிப்படுவது ஆண்கள் வார்டில் படுத்திருக்கும் நோயாளிதான். நாங்குநேரிப் பக்கமிருந்து வரும் ஒரு பெரியவரை நினைத்துப் பாருங்கள். புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் பிரியவில்லை. பேத்தி வயதுள்ள சிஸ்டரிடம் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு வாயைத் திறக்க மாட்டார். அடிவயிறு கல்லாக இறுகி வலி தாங்காமல் போன பிறகுதான், ராத்திரியில் மனைவி மூலம் விஷயம் வெளியே வரும். பக்கத்தில் ஒரு ஆண் செவிலியர், வார்டில் சொல்வதுபோல் ஒரு 'பிரதர்', இருந்தால் காலையிலேயே டியூப் போட்டிருக்கலாம். விதைப்பையில் வீக்கம், ஆசனவாயில் ரத்தம் என்று ஆண்கள் மறைக்கும் நோய்கள் இன்னும் எத்தனையோ. பெண் நோயாளியின் கூச்சத்தை மதித்துப் பெண் செவிலியரை அனுப்புகிறோம். அதே மரியாதை ஆணுக்கும் வேண்டாமா?

பக்கவாதம் வந்தவரைப் படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்கவும், குடியை நிறுத்திய பிதற்றலில் கட்டிலைவிட்டு இறங்கி ஓடுபவரைப் பிடிக்கவும் ஆண்களைக் கூப்பிடுவார்கள். அதற்கு மட்டுமே கூப்பிடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். மருந்தளவு கணக்கிடுவதும், வென்டிலேட்டரைக் கவனிப்பதும், நோயாளி முகம் மாறுவதை முதலில் கண்டுபிடிப்பதும் உங்கள் மகனுடைய வேலைதான். ஐ.சி.யூ., அவசர சிகிச்சை, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், மனநலப் பிரிவு ஆகியவற்றில் ஆண்களுக்கு நல்ல இடமிருக்கிறது.

இது ஆதியிலிருந்தே பெண்கள் தொழில் என்று சித்தப்பா நினைத்திருப்பார். 16ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியில் கமில்லஸ் என்ற துறவி, நோயாளிகளைப் பராமரிப்பதற்கென்றே ஆண்களின் சபை ஒன்றைத் தொடங்கினார். 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நவீன நர்சிங்கின் முன்னோடி ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி பெண்களுக்கானது. அந்த வழக்கமே பிறகு எங்கும் பரவியது. பிரிட்டனின் செவிலியர் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்கே 1960இல்தான் ஆண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

ஆனால் சித்தப்பாவின் பயத்தில் பாதி நியாயம். சில கதவுகள் ஆண்களுக்கு மூடியிருக்கின்றன. கிராமச் செவிலியருக்கான ஏ.என்.எம். படிப்பு பெண்களுக்கு மட்டும். ராணுவ நர்சிங் கல்லூரிகளின் பி.எஸ்சி.யும் அப்படியே. எய்ம்ஸ் மருத்துவமனைகளின் நர்சிங் ஆபீசர் பணியிடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு, 20 சதவீதம் ஆண்களுக்கு என்று 2019இல் முடிவெடுத்தார்கள். ஆண் செவிலியர் போதவில்லை என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே மறுபக்கம் இப்படி வரம்பு கட்டுவது சரியில்லை என்பேன். எந்த அறிவிப்பு வந்தாலும் ஆண்கள் விண்ணப்பிக்கலாமா என்ற வரியை முதலில் பாருங்கள்.

சம்பளத்திலும் கண் வையுங்கள். உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு 2016இல், 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அது இன்னும் பல இடங்களில் ஏட்டில்தான் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கைக்கும் வாய்க்குமாக இருக்கலாம். குடும்பம் அதற்குத் தயாராக வேண்டும்.

கல்லூரி தேர்வில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டடத்தைக் காட்டுவார்கள், நீங்கள் மருத்துவமனையைக் கேளுங்கள். வார்டு பயிற்சி எங்கே, அங்கே எத்தனை படுக்கை, உண்மையில் எத்தனை நோயாளிகள் என்று விசாரியுங்கள். வார்டில் நோயாளி இல்லையென்றால் நான்கு ஆண்டும் பொம்மைக்கு ஊசி போட்டே கழியும். பெங்களூரில் சீட் வாங்கித் தருகிறேன் என்று வீடு தேடி வரும் ஏஜென்டிடம் முன்பணமோ அசல் சான்றிதழோ கொடுக்காதீர்கள்.

மகனிடம் ஒன்றை இப்போதே பேசிவிடுங்கள். பிரசவம், மகப்பேறு ஆகியவையும் பாடத்திட்டத்தில் உண்டு. பிரசவ வார்டில் சில குடும்பங்கள் "பையன் வெளியே நிற்கட்டும்" என்பார்கள். அந்தத் தாயின் விருப்பத்தை மதித்து ஒதுங்க வேண்டும். பேராசிரியரிடம் கேட்டு வேறொரு நாள் பயிற்சியை முடிக்கவும் வேண்டும்.

வளைகுடாவுக்குப் போகும் எண்ணம் இருந்தால், படிப்பை முடித்துக் கவுன்சிலில் பதிந்து, ஐ.சி.யூ. போன்ற ஒரே பிரிவில் இரண்டு ஆண்டாவது வேலை பார்க்கட்டும். அதன் பிறகு தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்யலாம்.