கடற்பாசிச் சக்கையை என்ன செய்யலாம்? – கேள்வி பதில்

கடற்பாசியிலிருந்து அகார், ஆல்ஜினேட், கராஜீனன் எனப்படும் கூழ்ப்பொருள்களை எடுத்தபின் மிஞ்சும் சக்கையையும் கழிவுநீரையும் குறித்துக் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, இத்தொழிலின் ஆய்வகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற வேதியியலாளர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

ஐயா, எங்கள் மகளிர் குழு கஞ்சிப்பாசியை வேகவைத்து அகார் எடுக்கப் பழகி வருகிறது. கிடைப்பதைவிட மிஞ்சுவதே அதிகம். எங்கள் பக்குவத்தில் குறையா? (முட்டம்)

குறை எதுவும் இல்லை, அம்மா. உலர்ந்த கஞ்சிப்பாசியின் எடையில் அகாராகக் கைக்கு வருவது பெரும்பாலும் கால் பங்கு, அல்லது அதற்கும் குறைவு. செல்லுலோஸ், புரதம், தாது உப்புகள் என்று மற்றதெல்லாம் சக்கையில் தங்கியோ கழுவிய நீரில் கரைந்தோ போய்விடுகிறது.

நான் முதலில் வலியுறுத்த விரும்புவது ஒன்று உண்டு. கழிவு எதற்குப் பயன்படும் என்பதைப் பாசி மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் நாம் அதில் எதை ஊற்றினோம் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. உப்பும் மணலும் கலந்த முதல் கழுவுநீர், காரம் கலந்த நீர், வேகவைத்துப் பிழிந்த சக்கை, வடிகட்டுவதற்குப் பெர்லைட்டோ டயட்டம் மண்ணோ போன்ற கனிமப் பொடி சேர்த்திருந்தால் அந்த வடிகட்டிச் சக்கை ஆகிய நான்கும் நான்கு வேறு பொருள்கள். இவை ஒரே குழிக்குள் போய்விட்டால் அதன்பின் எதுவுமே செய்ய இயலாது. தொட்டிகளைத் தனித்தனியாக வைப்பதற்கு ஆகும் செலவு, பின்னர் பிரிப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

வடிகட்டிச் சக்கை எது என்று சந்தேகம் வந்தால், ஒரு சிட்டிகையை உலர்த்தி விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். வெறும் பாசிச் சக்கை மெல்லிய தோல்போல மடங்கும். மண் கலந்தது சுண்ணாம்புக் கட்டிபோல வெள்ளையாக உதிரும்.

காரநீரை வாழைக்குப் பாய்ச்சலாமா? எனக்கு மட்டியும் செவ்வாழையும் இருக்கின்றன. (திருவட்டார்)

எந்தக் காரம் என்பதைக் கேட்டறியாமல் ஒரு குடம்கூடப் பாய்ச்ச வேண்டாம். கஞ்சிப்பாசியை வேகவைக்கும் முன் ஊறவைப்பது பெரும்பாலும் காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) கரைசலில். அதை எந்த அமிலம் கொண்டு சமன் செய்தாலும் சோடியம் அந்த நீரிலேயே இருக்கும். அது களிமண்ணின் துகள் கட்டமைப்பைக் குலைத்து, தண்ணீர் உள்ளே இறங்காதபடி நிலத்தை இறுக்கிவிடும். அந்த நீரை அடுத்த முறைக்கும் வைத்துக்கொண்டு, குறைந்துபோன அளவுக்கு மட்டும் காரத்தைச் சேர்த்து மீண்டும் பயன்படுத்துவதே முறை.

கப்பாஃபைகஸ் பாசியிலிருந்து கராஜீனன் எடுக்கும்போது காஸ்டிக் பொட்டாஷ் பயன்படுத்தியிருந்தால் நிலைமை வேறு. அதை நீர்த்த கந்தக அமிலத்தால் சமன் செய்தால் பொட்டாசியம் சல்பேட்டும், பாஸ்பாரிக் அமிலத்தால் சமன் செய்தால் பொட்டாசியம் பாஸ்பேட்டும் உண்டாகின்றன. சாம்பல் சத்தை மிகுதியாக எடுக்கும் வாழைக்கு இவை உரமே. அமிலத்தை நீரில்தான் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். கார அமிலத் தாளில் காரமோ அமிலமோ இல்லாத நிலையைக் காட்டும் 7ஐ ஒட்டி வந்தபின், நன்கு நீர்க்கச் செய்து, சில மரங்களுக்கு மட்டும் முதலில் கொடுத்துப் பாருங்கள்.

சக்கையை மட்கவைத்தோம். பாகுபோல இறுகி நாற்றம் எடுத்துவிட்டது. என்ன செய்வது? (கடியப்பட்டணம்)

பிழிந்த சக்கையிலும் கொஞ்சம் அகார் ஒட்டியிருக்கும். சூடு ஆறியதும் அது உறைந்து, குவியலுக்குள் காற்று புகாமல் அடைத்துவிடும். உள்ளே காற்றில்லாமல் அழுகுவதால்தான் நாற்றம். இளஞ்சூட்டில் இருக்கும்போதே உதிரியான ஒரு பொருளோடு கலந்துவிட வேண்டும். நம் மாவட்டத்தில் அதற்குத் தேங்காய்த் தும்பு ஆலைகளின் நார்க்கழிவைவிடப் பொருத்தமானது கிடையாது. அது நீரை உறிஞ்சும், குவியலைப் பொலபொலப்பாக வைத்திருக்கும்.

ஆனால் நார்க்கழிவு எளிதில் மட்காது. அதில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) உள்ள விகிதம் ஏறத்தாழ 112க்கு 1. குவியல் நன்றாகச் சூடேற இந்த விகிதம் 25 முதல் 30க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும். பாசிச் சக்கையின் புரதத்திலுள்ள தழைச்சத்து அந்த இடைவெளியில் ஒரு பகுதியை மட்டுமே ஈடுசெய்யும் என்பதால், குளச்சல் போன்ற ஊர்களில் கிடைக்கும் மீன் கழிவையோ சாணத்தையோ சேர்த்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் வரும் அளவுக்கு ஈரம் இருக்கட்டும். குவியலின் நடுவில் 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடு ஏறி, கிளறிவிட்ட பிறகும் மறுபடி ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் தழைச்சத்தோ காற்றோ போதவில்லை என்று கொள்ளலாம்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேகவைக்கும் முன்பே பாசியை நல்ல தண்ணீரில் கழுவியிருந்தால் பாதி வேலை முடிந்தது. மட்கிய உரத்தில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸ் என்ற அளவைத் தாண்டக்கூடாது என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரம்பு. மண் பரிசோதனை நிலையத்தில் இதை அளந்து தருவார்கள். மட்கும் காலத்தில் குவியலுக்குக் கூரை வேண்டும், ஏனெனில் இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது.

ரப்பர் நாற்றங்காலில் பாலித்தீன் பைகளுக்குப் பதிலாக இந்தச் சக்கையில் செய்த தொட்டிகளை வைக்கலாமா? (குலசேகரம்)

இந்தக் கேள்வியை மிகவும் வரவேற்கிறேன், ஏனெனில் இதற்கு வேண்டிய மூன்று பொருள்களும் நம் மாவட்டத்திலேயே சேர்ந்து கிடைக்கின்றன. தும்போடு உலர்த்திப் பொடித்த பாசிச் சக்கையைக் கலந்து, ரப்பர் பாலைப் பிணைப்பானாகத் தெளித்து, அச்சில் அழுத்திச் சூட்டில் உலர்த்தினால் தொட்டி உருவாகும். தும்பு வலுவைத் தரும். சக்கை இடைவெளிகளை நிரப்பி ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

இதில் இடறுவது ரப்பர் பால்தான். சக்கையில் சுண்ணாம்புச் சத்தின் உப்புகளோ அமிலமோ மிச்சமிருந்தால், பால் நாரில் பரவும் முன்பே திரிந்து கட்டி கட்டியாகிவிடும். ஆகவே கழுவிய நீர் 7ஐ ஒட்டி வரும்வரை சக்கையைக் கழுவுங்கள். முழு அளவில் கலப்பதற்கு முன், ஒரு கிண்ணத்தில் சிறிது பாலையும் ஒரு கரண்டிச் சக்கையையும் கலந்து, திரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் கன்றுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பல மாதம் பையிலேயே நிற்கும் பயிர். நம் மழையில் தொட்டி அதற்குள் இற்றுவிடும். சில வாரங்களில் நடவுக்குப் போகும் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகளில் தொடங்குங்கள்.

இந்தச் சக்கையில் காகிதம் செய்யலாம் என்று படித்தேன். மரிக்கொழுந்துப் பாசியில் முடியுமா? (நாகர்கோவில், கல்லூரி மாணவி)

கொரியாவில் செய்து காட்டிய காகிதம் ஜெலிடியம் என்ற பாசியிலிருந்து வந்தது. அதன் உடலுக்குள் ரைசைன் எனப்படும் மிக மெல்லிய இழைகள் உண்டு; காகிதத்துக்கு நார் அவையே. நம் மரிக்கொழுந்துப் பாசி, பெயரில் நெருங்கிய ஜெலிடியெல்லா. அதில் இந்த இழைகள் இல்லை என்பதே இரண்டையும் பிரித்தறியும் அடையாளம். ஆகவே அதன் சக்கை மட்டும் உறுதியான தாளைத் தராது. வாழைநார்க் கூழில் ஒரு பங்காகச் சேர்த்து, கையால் செய்யும் தாளை நிரப்பும் பொருளாக ஆய்ந்து பாருங்கள், மகளே. ஆய்வேட்டுக்கு நல்ல பொருள்.

பசு விடும் மீத்தேனைக் கடற்பாசி குறைக்கும் என்கிறார்களே, சக்கையைத் தீவனத்தில் கலக்கலாமா? (தோவாளை)

அந்தத் திறன் அஸ்பரகோப்சிஸ் என்ற சிவப்புப் பாசியிலுள்ள புரோமோஃபார்ம் என்ற வேதிப்பொருளால் வருவது. வேகவைத்த சக்கையில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆல்ஜினேட் எடுக்கும்போது நிறத்தைக் கட்டுப்படுத்தச் சில இடங்களில் ஃபார்மலின் சேர்ப்பார்கள். அப்படிப்பட்ட சக்கையும், மண் கலந்த வடிகட்டிச் சக்கையும் மாட்டின் வாய்க்குப் போகவே கூடாது.

எங்கள் பருத்திச் சாயப்பட்டறையின் சாயநீரை ஆல்ஜினேட் சக்கை தெளியவைக்குமா? (வடசேரி)

ஈயம், செம்பு, காட்மியம் போன்ற உலோகங்களையும் நேர்மின் சாயங்களையும் அது நன்றாகப் பற்றும். ஆனால் பருத்திக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின் தன்மை உடையவை, ஆல்ஜினேட்டும் அப்படியே. ரியாக்டிவ் சாயத்தால் துணியில் அச்சிடும்போது ஆல்ஜினேட்டைக் கூழாகக் கலப்பதே, அது அந்தச் சாயத்தோடு சேராது என்பதால்தான். எனவே உங்கள் பட்டறைக்கு இது உதவாது.

மணவாளக்குறிச்சிக் கரையில் ஒதுங்கும் கட்டக்கோரைப் பாசியைச் சேகரிக்கலாமா?

மணலை முழுவதும் நீக்கினால் மட்டுமே. அந்தக் கரை மணலில் இல்மனைட், கார்னெட் ஆகிய கனிமங்களோடு, தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கொண்ட மோனசைட்டும் உண்டு. இவை கனமானவை என்பதால், தொட்டி நீரில் பாசியை அலசினால் விரைவில் அடியில் படியும். மேலே மிதக்கும் பாசியை அள்ளிக்கொண்டு, படிந்ததைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். கட்டக்கோரை ஆர்செனிக்கையும் சேர்த்துவைக்கும் இனம். அதன் சக்கையை உணவுப் பயிருக்கு இடும் முன் ஆய்வகச் சோதனை அவசியம்.

சாண எரிவாயுக் கலனில் போடலாமா? (மார்த்தாண்டம்)

சிறிதளவு, சாணத்தோடு மட்டும். பாசியின் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவாக மாறும். அழுகிய முட்டை நாற்றம் அடித்து, பின் திடீரென நின்றுபோனால் வாயு போய்விட்டது என்று எண்ணாதீர்கள். அளவு கூடும்போது மூக்கு மரத்துவிடும். பாசி அழுகும் குழிக்குள்ளோ தொட்டிக்குள்ளோ யாரும் இறங்கக்கூடாது.

பாசிச் சாற்றைப் புட்டியில் அடைத்து விற்க அனுமதி வேண்டுமா? (இரணியல்)

வேண்டும். கடற்பாசிச் சாறு உள்ளிட்ட பயிர் ஊக்கிகள் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் வருகின்றன. சொந்தத் தோட்டத்தில் தெளித்துப் பார்ப்பது வேறு. விற்பனைக்கு வைப்பதென்றால் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்பிறகு புட்டி வாங்குங்கள்.