சினையாக இருக்கும் பொமேரியன்: கால்சியம் பாட்டிலைத் திறக்காதீர்கள்

கேள்வி: அய்யா, வணக்கம். ராசிபுரம் பக்கம் தோட்டத்திலேயே குடியிருக்கிறோம். நான்கு கறவை மாடும் கொஞ்சம் ஆடும் உண்டு. வீட்டில் இரண்டு வயதுப் பொமேரியன் பெட்டை ஒன்று வளர்க்கிறோம், 6 கிலோ இருக்கும். செப்டம்பர் 10-ம் தேதி கொட்டகைக்குப் பின்னால் பக்கத்துத் தோட்டத்து நாட்டு நாயோடு ஒட்டிக்கொண்டு நின்றதைப் பையன் பார்த்தான். அந்த நாய் 20 கிலோவாவது இருக்கும். இப்போது ஐந்து வாரம் ஆகிறது. வயிறு தெரிகிறது, காம்பு சிவந்திருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டதற்கு ஒரு கால்சியம் டானிக்கும் ஒரு சத்து டானிக்கும் கொடுத்தார். எங்கள் மாட்டுக்கு ஊசி போட வருகிறவர், "குட்டி போடுகிற அன்று கூப்பிடுங்கள், ஒரே ஊசியில் எல்லாம் வெளியே வந்துவிடும்" என்கிறார். கால்சியம் தினம் எத்தனை மில்லி கொடுக்க வேண்டும்? மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் கால்சியத்தையே கொடுக்கலாமா?

பதில்: அம்மா, எத்தனை மில்லி என்று கேட்டிருக்கிறீர்கள். குட்டி போடும் வரை ஒரு சொட்டுகூட வேண்டாம். மாட்டுக்கு வாங்கியதும் வேண்டாம், கடைக்காரர் கொடுத்ததும் வேண்டாம்.

மாடு வைத்திருப்பவர் என்பதால் உங்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கன்று ஈன மூன்று வாரம் இருக்கும்போது குதிரைமசாலைக் குறைக்கச் சொல்கிறோம், கால்சியம் டானிக்கை நிறுத்தச் சொல்கிறோம். பால் காய்ச்சலுக்குப் பயந்துதான் அப்படிச் சொல்கிறோம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிக்கு. சினைக்காலம் முழுக்க வாய்வழியாகக் கால்சியத்தைக் கொட்டினால் அந்தச் சுரப்பிக்கு வேலையே இருக்காது. குட்டி போட்டதும் பால் திடீரென்று பெருகும், கால்சியம் மடி வழியாக ஓடும், சுரப்பி உடனே விழித்து ஈடுகொடுக்காது. நாயிலும் இதேதான் நடக்கிறது. உடம்பு சிறியதாகவும் குட்டிகள் அதிகமாகவும் இருக்கும் நாய்களுக்கு இந்த ஆபத்து மிக அதிகம்.

மாட்டுக்கும் நாய்க்கும் அறிகுறி மட்டும் நேரெதிர். பால் காய்ச்சல் வந்த மாடு காது சில்லிட்டு, கழுத்தை மடித்துப் படுத்துவிடும். நாய் படுக்காது. குட்டியிடம் நிற்காமல் அலையும், நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கும், கால் விறைத்து மரக்கட்டை மாதிரி நடக்கும், பிறகு நடுக்கம், வலிப்பு. காய்ச்சல் 105 டிகிரிக்கு மேல் ஏறும். பெரும்பாலும் குட்டி போட்டு முதல் நான்கு வாரத்துக்குள் வரும், அதிலும் இரண்டாவது மூன்றாவது வாரத்தில்தான் அதிகம். குட்டி நல்லபடியாகப் போட்டாயிற்று என்று வீட்டார் கவலையை விட்டிருக்கும் நேரம் அது. விஷம் தின்றுவிட்டது, வெறி பிடித்துவிட்டது என்று நினைத்துக் கட்டிப்போட்டுச் சாகவிட்ட வீடுகள் உண்டு. சரியான நேரத்தில் கொண்டுபோனால் மருத்துவர் கால்சியம் குளுக்கோனேட்டை இதயத் துடிப்பைக் கேட்டபடியே நரம்பில் மெதுவாக ஏற்றுவார். கண்ணெதிரிலேயே நடுக்கம் அடங்கும். மாட்டுக்கு ஏற்றும் 450 மில்லி பாட்டிலிலிருந்து எடுத்து ஊசிக்காரர் வேகமாக ஏற்றினால் இதயம் அங்கேயே நின்றுபோகும். அந்த அறிகுறி தெரிந்த உடனே குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டு வண்டியைக் கிளப்புங்கள்.

மருந்துக்கடைக்காரர்கள் மேல் எனக்குள்ள கோபம் இதனால்தான். சினை என்ற சொல் காதில் விழுந்ததும் கை கால்சியம் டானிக் அலமாரிக்குப் போகிறது. நாயின் எடை என்ன, எத்தனையாவது வாரம், என்ன தின்கிறது என்று எதுவும் கேட்பதில்லை. பாட்டிலில் அழகான நாய்ப்படம் இருக்கிறது, வாங்குகிறவருக்கும் நல்லது செய்த திருப்தி. அந்தப் பணத்துக்கு முட்டையும் கோழிக்கறியும் வாங்கலாம்.

தீனியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நம் வீட்டுப் பொமேரியன்கள் தயிர்ச்சோற்றிலும் பிஸ்கட்டிலும்தான் வளர்கின்றன, உங்களுடையதும் அப்படித்தான் என்றால் மாற்ற வேண்டியது அதைத்தான். ஆறாவது வாரத்திலிருந்து நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் உலர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். அதில் கால்சியமும் பாஸ்பரஸும் சரியான விகிதத்தில் இருக்கும். கூடவே வேகவைத்த முட்டையும் எலும்பில்லாத கோழிக்கறியும் கொடுக்கலாம். குட்டிகள் வயிற்றை அடைத்துக்கொள்வதால் நாளுக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பால் கொடுக்கும் காலத்தில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தின்னும், தடுக்காதீர்கள். குடற்புழு மருந்தை மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். பென்பெண்டசோலை 40-வது நாளில் தொடங்கிக் குட்டி போட்டு 14 நாள் வரை தினமும் கொடுக்கும் முறை ஒன்று உண்டு, தாயிடமிருந்து குட்டிக்குப் புழு போவதை அது பெரிதும் குறைக்கும். உண்ணிக்கென்று மாட்டு ஊசியை நாய்க்குப் போடவே கூடாது.

இனி நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். 20 கிலோ நாயின் குட்டியை 6 கிலோ நாயால் ஈன முடியுமா? அப்பன் பெரியது என்பதால் மட்டும் பயப்பட வேண்டியதில்லை. குட்டி எவ்வளவு வளரும் என்பதைத் தாயின் கருப்பையும் பெருமளவு தீர்மானிக்கிறது. நான்கைந்து குட்டி இருந்தால் ஒவ்வொன்றும் சிறிதாகவே இருக்கும், வழியில் தடையிருக்காது. ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால்தான் சிக்கல். இடமும் சத்தும் தாராளமாகக் கிடைத்துத் தலை பெருத்துவிடும். ஒற்றைக் குட்டியாக இருந்தால் பிரசவத்தைத் தொடங்கிவைக்கும் சமிக்ஞையே போதாமல் நாள் தள்ளிப்போவதும் உண்டு.

ஆகவே டானிக் காசை ஒரு எக்ஸ்ரேக்கு வையுங்கள். 55-வது நாளுக்குப் பிறகு எடுத்தால் எலும்பு தெளிவாகத் தெரியும், குட்டிகளை எண்ணிவிடலாம், தலையின் அளவையும் இடுப்பு வழியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். உங்கள் கணக்குக்கு அது நவம்பர் 4. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். அங்கே ஒருமுறை காட்டி, இரவில் அவசரம் என்றால் எங்கே வர வேண்டும் என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 63 நாள் என்றால் நவம்பர் 12. ஆனால் இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணும்போது 57-லிருந்து 72 நாள் வரை போகலாம்.

அந்த "ஒரே ஊசி" ஆக்சிடோசின். பால் இறக்க மாட்டுக்கும் எருமைக்கும் கள்ளத்தனமாகப் போடுகிறார்களே, அதேதான். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் மருந்து. குட்டி வழியில் சிக்கியிருக்கும்போதோ கருப்பை வாய் திறக்காதபோதோ அதைப் போட்டால் கருப்பை கிழியும், நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்து உள்ளே இருக்கும் குட்டிகள் மூச்சின்றிச் சாகும். தேவைப்படும் இடமும் உண்டு. வழி திறந்திருக்கிறது, அடைப்பில்லை, கருப்பை மட்டும் சோர்ந்துவிட்டது என்று சோதித்துப் பார்த்த மருத்துவர், இந்த எடை நாய்க்கு ஒன்றிரண்டு யூனிட் போடுவார். மாட்டுக்குப் பழகிய கை அந்த அளவில் நிற்காது. அவரை அன்றைக்குக் கூப்பிடாதீர்கள்.

ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்குங்கள். 56-வது நாள் முதல் காலை மாலை ஆசனவாயில் வைத்துக் குறித்து வாருங்கள். வழக்கமாக 101-ஐ ஒட்டி இருக்கும் வெப்பம் 99-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் குட்டி போடும். இறங்கி ஒரு நாள் ஆகியும் வலி வரவில்லையென்றால் கிளம்புங்கள். பலமாக முக்கி அரை மணி ஆகியும் குட்டி வரவில்லையென்றாலும், உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் அடுத்தது வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனாலும் அப்படியே. முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சையாக நீர் கண்டால் ஒரு நிமிடமும் காக்காதீர்கள், நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று அர்த்தம். முதல் குட்டிக்குப் பின் அதே நிறம் வந்தால் பயமில்லை.

ஐப்பசி மழை, மின்வெட்டு, தீபாவளி வெடி எல்லாம் சேர்ந்து வரும் நேரம் இது. மிரண்ட நாய் வலியை அடக்கிக்கொள்ளும். கொட்டகையில் விடாமல் வீட்டுக்குள் ஆள் நடமாட்டமில்லாத மூலையில் இரண்டு வாரம் முன்பே படுக்கை போட்டுப் பழக்குங்கள். பழைய பருத்திச் சேலை போதும், கோணிச்சாக்கு வேண்டாம், குட்டியின் கால் சிக்கும். முதல் வாரம் குட்டிகள் இருக்கும் இடம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். குண்டு பல்பு ஒரு ஓரத்தில் மட்டும் எரியட்டும், சூடு அதிகமானால் தாய் விலகிப் படுக்க இடம் வேண்டும். மின்சாரம் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள்.

சீம்பால் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கன்றுக்குள்ள அவசரம் குட்டிக்கும் உண்டு. மளிகைத் தராசில் தினமும் ஒவ்வொன்றையும் எடை போடுங்கள். பத்து நாளில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். ஒரு குட்டி எடை ஏறாமல் நின்றால், அழுவதற்கு முன்பே அது உங்களுக்குத் தெரிந்துவிடும். பால் போதவில்லை என்று பசும்பாலை மட்டும் ஊற்றாதீர்கள். நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் அதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. நாய்க்குட்டிக்கான பால்மாவை முன்னதாகவே வாங்கி வையுங்கள். எட்டு வாரத்துக்கு முன் குட்டிகளை யாருக்கும் கொடுக்காதீர்கள். குட்டிகள் பிரிந்து மடி வற்றியதும், அடுத்த பருவம் வருவதற்குள், தாய்க்குக் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். எக்ஸ்ரேயில் ஒற்றைக் குட்டி என்று தெரிந்தால், சிசேரியனுக்கான நாளை அன்றே மருத்துவரிடம் பேசி வையுங்கள்.