கவச வண்டி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கவச வண்டியும் ராணுவத் தளவாடமுமாக அமெரிக்கப் போலீஸ் ராணுவம்போல ஆகிவருவதை விமர்சித்த உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் தெற்குக் கலிபோர்னியாவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். 2015 டிசம்பர் 2 அன்று சான் பெர்னார்டினோவில் பயங்கரவாதிகள் இருவர் 14 பேரைச் சுட்டுக்கொன்றபோது எங்கள் அலுவலகக் கதவைப் பூட்டி, யாரும் வெளியே போகக்கூடாது என்றார்கள். மகளின் பள்ளியிலும் அப்படியே. பிற்பகல் டிவியில் கொலையாளிகளின் கருப்பு வண்டியைக் கவச வண்டிகள் நெருங்குவதைப் பார்த்தபோது எனக்கு வந்தது நிம்மதிதான், பயம் இல்லை. அதே ஆண்டு மே மாதம்தான் ஒபாமா அரசு போலீசுக்கு ராணுவத் தளவாடம் கொடுப்பதைக் குறைத்தது. குழாய் வெடிகுண்டு வைத்திருப்பவனிடம் லத்தியோடா போகச் சொல்கிறீர்கள்? தூரத்திலிருந்து எழுதுவது சுலபம்.

ச.

அன்புள்ள ச.,

கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன். மகளின் பள்ளியிலிருந்து அடுத்த செய்தி எப்போது வரும் என்று காத்திருந்தவர் நீங்கள். நான் மறுநாள் பேப்பரில் படித்தவன். உங்கள் நிம்மதியைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் நீங்கள் டிவியில் பார்த்தது பிற்பகல் காட்சி. அதற்கு நாலு மணி நேரம் முன்னால் நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள். மாவட்டச் சுகாதாரத் துறை ஊழியர்களின் கூட்டம், அப்புறம் கிறிஸ்துமஸ் விருந்து. சுட்டவர்களில் ஒருவன் அதே துறையில் வேலை பார்த்தவன். போலீஸ் லெப்டினன்ட் மைக் மேடன் முதலில் வந்து சேர்ந்தார். இன்னும் மூன்று பேர் வரும்வரை நின்றார். பிறகு நாலு பேராக உள்ளே போனார்கள். தீ எச்சரிக்கை மணி அலறிக்கொண்டிருக்கிறது, குழாய் உடைந்து தண்ணீர் கொட்டுகிறது, எங்கும் வெடிமருந்து நெடி. சுட்டவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று நினைத்தே போனார்கள். கவச வண்டி வரட்டும் என்று அவர்கள் நிற்கவில்லை.

இது 1999இல் கொலம்பைன் பள்ளியில் படித்த பாடம். அங்கே சிறப்புப் படை வரட்டும் என்று வெளியே வளைத்து நின்றார்கள். உள்ளே குண்டடி பட்ட ஆசிரியர் ஒருவர் மணிக்கணக்காக ரத்தம் போய் இறந்தார். முதலில் வருகிறவர்களே உள்ளே போக வேண்டும் என்று அமெரிக்கப் போலீஸ் பயிற்சி மாறியது அதற்குப் பிறகுதான். ஆனால் 2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டியில் ஒருவன் பள்ளிக்குள் புகுந்து சுட்டபோது என்ன நடந்தது? 376 போலீஸ்காரர்கள் வந்து குவிந்தார்கள். நீளத் துப்பாக்கி, கவச உடை, கேடயம், எல்லாம் இருந்தது. சாவி தேடினார்கள். வகுப்பறைக்குள் போக 77 நிமிடம் ஆயிற்று. 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள் போய்விட்டார்கள். அந்தக் கதவு பூட்டியே இருந்திருக்காது என்றது மாநிலச் சட்டமன்றக் குழுவின் அறிக்கை.

சரி, லத்தியோடா போவது? இல்லை. 1997இல் வடக்கு ஹாலிவுட் வங்கிக் கொள்ளையில் கவச உடையும் தானியங்கித் துப்பாக்கியுமாக இரண்டு பேர் வந்தார்கள். போலீஸ்காரர்களின் கைத்துப்பாக்கிக் குண்டு அவர்கள் உடம்பில் இறங்கவில்லை. பக்கத்துத் துப்பாக்கிக் கடைக்குப் போய் ரைபிள் வாங்கி வந்தார்கள். அடிபட்டவர்களைத் தூக்கிவரப் பணம் ஏற்றிச் செல்லும் வண்டியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று ஒரு கவச வண்டி இருந்திருந்தால் நல்லதுதான். 2016இல் ஆர்லாண்டோ கேளிக்கை விடுதியில் ஒரு போலீஸ்காரரின் உயிரைக் காப்பாற்றியது தலைக்கவசம். இதையெல்லாம் மறுக்கிறவன் நான் இல்லை.

ஒபாமாவின் உத்தரவு பற்றிச் சொன்னீர்கள். அதில் தடை செய்யப்பட்டவை பீரங்கிபோலச் சங்கிலிப் பட்டையில் ஓடும் வண்டி, கையெறிகுண்டு லாஞ்சர், துப்பாக்கி முனைக் கத்தி போன்றவை. சக்கர வண்டிக்குத் தடை இல்லை, நிபந்தனை மட்டும்தான். தவிர, டிவியில் நீங்கள் பார்த்த பேர்கேட் வண்டி ராணுவம் கழித்துக் கட்டியதே அல்ல, லென்கோ என்ற தனியார் நிறுவனம் செய்து விற்பது. 2017இல் டிரம்ப் அந்த உத்தரவை நீக்கினார், 2022இல் பைடன் வேறொன்று போட்டார், 2025இல் டிரம்ப் அதையும் எடுத்துவிட்டார். இந்தப் பந்தாட்டத்துக்கும் அன்று நடந்ததற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

என் கேள்வி மற்ற நாட்களைப் பற்றியது. சில வருடம் முன்பு உங்கள் நாட்டில் ஒரு சிற்றூரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். ஆகஸ்ட் மாதம், பூங்காவில் போலீசும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்தும் விழா. ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் எம்ராப் என்ற ராணுவக் கவச வண்டி நிற்கிறது, ஈராக் சாலைக் குண்டுகளைத் தாங்குவதற்காகச் செய்தது. பிள்ளைகள் ஏணிப்படியில் ஏறி இறங்கி விளையாடுகிறார்கள். கதவை இழுத்துப் பார்த்தேன், ஒரு கையால் அசையவில்லை. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் நல்ல மனுஷர். “சும்மா கிடைத்தது சார், கொண்டுவந்த கூலி மட்டும்தான் எங்கள் செலவு” என்றார். எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டேன். “வெள்ளம் வந்தால் ஆட்களை ஏற்றுவோம்” என்றார். கொஞ்சம் யோசித்து, “வாரண்டுக்கும்” என்றார்.

அந்த ‘வாரண்டுக்கும்’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ராணுவத்தின் உபரித் தளவாடங்களைப் போலீசுக்குக் கொடுக்கும் 1033 திட்டத்தில் வாங்கிய பொருளை ஒரு வருடத்துக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று விதி. பயங்கரவாதி வருடா வருடம் வருவானா? குடிமை உரிமை அமைப்பான ஏசிஎல்யூ 2014இல் ஸ்வாட் எனப்படும் போலீஸ் சிறப்பு ஆயுதப் படையின் 800க்கும் அதிகமான நடவடிக்கைகளை எடுத்துப் பார்த்தது. பணயக்கைதி, துப்பாக்கியோடு பதுங்கியவன், கண்டபடி சுடுகிறவன் எல்லாம் சேர்ந்து 7 சதவீதம். 79 சதவீதம் வாரண்டோடு போன வீட்டுச் சோதனை, பெரும்பாலும் போதைப்பொருள் தேடி. உங்கள் மகளின் பள்ளியைக் காட்டி வாங்கும் வண்டி விடியற்காலையில் யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறது? பிரின்ஸ்டனின் ஜொனாதன் மம்மலோ 2018இல் இதை ஆராய்ந்தார். கருப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதிகளுக்கே ஸ்வாட் அதிகம் போகிறது, அதனால் வன்முறைக் குற்றம் குறைந்ததாகவோ போலீஸ்காரர்களுக்குப் பாதுகாப்பு கூடியதாகவோ தெரியவில்லை என்று எழுதினார். 2014இல் மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசனில், கருப்பின இளைஞர் ஒருவரைப் போலீஸ் சுட்டுக்கொன்றதை எதிர்த்து மக்கள் திரண்டபோது, கவச வண்டிக் கூரையில் படுத்தபடி ஒருவர் பட்டப்பகலில் கூட்டத்தை நோக்கிக் குறி வைத்திருந்தார். கூட்டத்தில் இருந்தவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

நீங்கள் இருப்பது கலிபோர்னியா என்பதால் ஒன்று கேட்கிறேன். அங்கே 2021இல் ஏபி 481 என்று ஒரு சட்டம் வந்தது. எங்கிருந்து வாங்கியதானாலும் சரி, இந்த மாதிரி வண்டி வைத்துக்கொள்ள நகரசபை ஒப்புதல் வேண்டும். எதற்கெல்லாம் பயன்படுத்தினோம், எவ்வளவு செலவு, என்ன புகார் வந்தது என்று போலீஸ் வருடா வருடம் அறிக்கை தர வேண்டும், ஊர்க்கூட்டமும் நடத்த வேண்டும். உங்கள் ஊர் அறிக்கை போலீஸ் இணையதளத்திலேயே இருக்கும். போன வருடம் வண்டி எத்தனை தடவை வெளியே போனது, என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். அதையும் இங்கே போடுகிறேன், என் வாதத்துக்கு எதிராக இருந்தாலும்.