அனுமார் வால் என்று விட்டுவிடலாமா?

கேள்வி: மகன் வயிற்றுப் பேரனுக்கு ஐந்து மாதம். காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது பார்த்தேன், நடுமுதுகின் அடியில் ஒரு கொத்து முடி, அதற்குக் கீழே மெத்தென்று சின்னக் கட்டி. பக்கத்து வீட்டில் 'அனுமார் வால், யோகக்காரன்' என்கிறார்கள். மருமகள் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறாள். பிள்ளை நன்றாகத்தான் உதைக்கிறான். அவசியமா?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, இதில் நான் உங்கள் மருமகள் கட்சி.

ஆசனவாய்க்கு மேலே இரண்டரை சென்டிமீட்டருக்குள், நடுக்கோட்டில், ஆழமில்லாத சின்னக் குழி மட்டும் இருந்தால் பயமில்லை. எத்தனையோ குழந்தைகளுக்கு உண்டு. முடியும் கட்டியும் சேர்ந்திருப்பது வேறு. கரு உருவான முதல் 28 நாளுக்குள், தோலாகப்போகிற அதே படலத்தின் ஒரு பகுதிதான் மடிந்து குழாயாகித் தண்டுவடம் ஆகிறது. அங்கே தையல் பிசகினால் சில சமயம் மேலே இப்படி அடையாளம் தெரியும். உள்ளே தண்டுவடத்தின் நுனி கொழுப்பில் ஒட்டிக் கிடக்கலாம். பிள்ளை வளர வளர முதுகெலும்பு நீளும். மாட்டிக்கொண்ட நரம்பு இழுபட்டு, பின்னால் காலையும் சிறுநீரையும் பாதிக்கலாம். இன்றைக்கு உதைப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

காரைக்குடியில் என்னிடம் ஒன்பது வயதுப் பையன் வந்தான். படுக்கையில் சிறுநீர். வீட்டில் ஏச்சு, நான் கொடுத்தது வயிற்றுப் பூச்சிக்கு மருந்து. மூன்றாவது தடவை அவன் அம்மா, 'இவனுக்குச் செருப்பு ரெண்டு சைஸில் வாங்க வேண்டியிருக்கு டாக்டர்' என்றார். அப்போதுதான் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அதே இடத்தில் கட்டி. அறுவை சிகிச்சையில் நரம்பை விடுவித்தார்கள். கால் மேலும் மெலியவில்லை, ஆனால் சிறுநீர்க் கோளாறு முழுதாகப் போகவில்லை. முதல் தடவையே சட்டையைத் தூக்கியிருக்க வேண்டியவன் நான்.

முதல் மூன்று மாதத்துக்குள் என்றால் முதலில் அல்ட்ராசவுண்டில் பார்த்திருக்கலாம். இப்போது எலும்பு கெட்டிப்படுகிற காலம், எம்.ஆர்.ஐ.தான் தெளிவாகக் காட்டும். அதில் கதிர்வீச்சு கிடையாது. அசையாமல் இருக்க மயக்க மருந்து கொடுப்பார்கள், அவ்வளவே. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

மருவுக்குக் கட்டுவதுபோலக் குதிரைமுடி கட்டிவிடாதீர்கள். முடியை மழிக்கவும் வேண்டாம், டாக்டர் பார்க்கட்டும். சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கிறதா, மலம் இறுகுகிறதா, ஒரு பாதம் மட்டும் சின்னதா என்று கவனித்துச் சொல்லுங்கள். அந்த இடத்தில் ஊசித் துளைபோல இருந்து நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே கிளம்புங்கள். அதன் வழியாகக் கிருமி மூளைச் சவ்வு வரை போகும்.

பிள்ளையார்பட்டியில் ஒரு சிதறுகாய் போட்டுவிட்டு, அப்படியே மதுரை பஸ் ஏறுங்கள் ஆச்சி.