தட்டு எத்தனை முறை வெளியே போய் வருகிறது?

கேள்வி: வீட்டு விழாக்களுக்கான எவர்சில்வர் தட்டு, டம்ளர், துணித் தோரணம், மேசைவிரிப்பு ஆகியவற்றை செட் செட்டாக வாடகைக்கு விடும் தொழிலை மூன்று வருடங்களாக நடத்துகிறேன். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருட்களைத் தொடுவதில்லை. நல்ல லாபம் தந்த பலூனையும் நிறுத்திவிட்டேன். மூன்று முறைக்கு ஒரு முறை, பள்ளிக்கோ முதியோர் இல்லத்துக்கோ இலவசமாகக் கொடுக்கிறேன். வாடகை வருமானத்தில் 10 சதவீதம் நூலகத்துக்குப் போகிறது. நல்ல பெயர் இருக்கிறது, கையில் காசு இல்லை. இதுவரை எனக்கென்று சம்பளம் எடுத்ததில்லை. கடன் வாங்கி, மக்கும் தட்டுகளை மொத்தமாக வாங்கி விற்றால் நிலைமை மாறுமா? இல்லை, இலவசத்தை நிறுத்திவிடவேண்டுமா? (வரவு செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன்.)

பதில்: இலவசத்தை நிறுத்தவேண்டாம். கடனும் வேண்டாம். முதலில் கணக்கு எழுதும் முறையை மாற்றுங்கள். நீங்கள் மாதக் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். வாடகைத் தொழிலுக்கு வேண்டியது சுற்றுக் கணக்கு. ஒரு செட் வெளியே போய்த் திரும்பி, கழுவி, மடித்து, மறுபடி அலமாரி ஏறுவது ஒரு சுற்று.

உங்கள் கணக்கையே அப்படிப் பிரித்துப் பார்த்தேன். ஒரு செட்டின் அடக்கவிலை 100 என்று வைத்துக்கொள்வோம். வாடகை 12. கழுவுவதற்கும் கொண்டுபோய்க் கொண்டுவருவதற்கும் 5. காணாமல்போகும் ஸ்பூன், கிழியும் தோரணம் என்று 2. மிச்சம் 5. இருபது சுற்றில் போட்ட முதல் திரும்பிவிடும் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் மூன்றாவது சுற்று இலவசம். அதில் வாடகை வராது, 7 செலவு மட்டும் நிற்கும். ஆக மூன்று சுற்றுக்கு வருமானம் 24, மிச்சம் 10-இல் 7 போக வெறும் 3. அந்த 24-இல் 10 சதவீதமான 2.4 நூலகத்துக்குப் போனால் உங்களிடம் தங்குவது 0.6. முதல் திரும்ப 500 சுற்று ஆகும். உங்கள் செட் வருடத்துக்குச் சுமார் 25 சுற்று போகிறது. இருபது வருடம்! தோரணமோ இரண்டு வருடத்தில் வெளுத்துவிடுகிறது என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். அதாவது, உங்கள் தர்மத்துக்கு லாபம் போதாமல், மூலதனத்தையே கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக் கொடுத்துவருகிறீர்கள்.

இதில் வலிப்பது இலவசம் அல்ல, இலவசத்தோடு சேர்ந்து போகும் உழைப்பு. மெழுகுவர்த்தி சொட்டிய ஒரு மேசைவிரிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மெழுகு இறுகும்வரை காத்திருந்து, மழுங்கிய கத்தியால் சுரண்டி, மேலும் கீழும் காகிதம் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து எடுத்து, அதன் பிறகு சோப்பில் போடவேண்டும். அரை மணி நேரம் போயிற்று. அந்த அரை மணிக்கு உங்கள் ஏட்டில் ஒரு வரிகூட இல்லை. பள்ளியும் முதியோர் இல்லமும் தாங்களே வந்து எடுத்துப்போய், கழுவிக் கொண்டுவந்து தரட்டும். கேட்டுப் பாருங்கள், தயங்காமல் ஒப்புக்கொள்வார்கள். இலவசமாக வாங்குகிறோமே என்ற கூச்சமும் அவர்களுக்குக் குறையும். அப்போது அந்தச் சுற்றின் செலவு 7-இலிருந்து 3-க்கு இறங்கும். வாடகையை 14 ஆக்குங்கள். மூன்று சுற்றுக்கு 11 மிஞ்சும். 28-ஆவது சுற்றில் முதல் திரும்பிவிடும். இரண்டு வருடத்தின் 50 சுற்றில், முதல் போக ஒரு செட்டுக்கு 83 வரை நிற்கும். உங்கள் சம்பளம் அதிலிருந்துதான் வரவேண்டும். நூலகத்துக்கான தொகையை வருமானத்தில் எடுக்காமல், சம்பளமும் புது தோரணத்துக்கான ஒதுக்கீடும் போக வருடக் கடைசியில் மிஞ்சும் லாபத்தில் எடுங்கள். சில வருடம் சிறிய தொகையாக இருக்கும். நூலகம் கோபித்துக்கொள்ளாது.

இலவசச் செட்டுகள் வார நாட்களில் போகட்டும். விழா எல்லாம் வார இறுதியில்தான் வருகிறது. உங்கள் சரக்கும் அன்றைக்குத்தான் பொன். சனிக்கிழமை ஒரு செட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டு, காசு தர வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அது இரட்டைச் செலவு.

இன்னொன்று. முன்பணமாக வாங்கும் டெபாசிட்டை நீங்கள் வரவில் சேர்த்திருக்கிறீர்கள். அது உங்கள் பணம் இல்லை, திருப்பித் தரவேண்டிய பொறுப்பு. தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். சில மாதங்களில் கையில் காசு புரண்டு, அடுத்த மாதம் வறண்டதாக எழுதியிருக்கிறீர்களே, காரணம் பெரும்பாலும் இதுதான்.

மக்கும் தட்டுக்கு வருகிறேன். பெயரை நம்பிக் கடன் வாங்காதீர்கள். பிஎல்ஏ எனப்படும் தாவரப் பிளாஸ்டிக் மக்குவதற்குச் சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து இருக்கும் தொழிற்கூட உரக்கிடங்கு வேண்டும். வீட்டுத் தோட்டத்துக் குழியில் அது அப்படியே கிடக்கும். வெயிலில் காய்கிற கிடங்கில் அடுக்கிவைத்தால் வளைந்தும் போகலாம். வாங்குபவரின் வட்டாரத்தில் அப்படியொரு உரக்கிடங்கு இல்லையென்றால் நீங்கள் விற்பது விலைகூடிய குப்பை. சட்டமும் மாறும்: பலூன் கட்டும் பிளாஸ்டிக் குச்சியை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலும் இந்தியா 2022 ஜூலையிலும் தடை செய்தன. இப்படியொரு தடை வரும்போது கிடங்கு நிறைய வாங்கிவைத்திருந்தால் முதல் அத்தோடு முடங்கிவிடலாம். தூக்கிப்போடும் சரக்கைக் கடனில் குவிப்பவர் சுமக்கும் அபாயம் இது.

பலூனை விட்டதற்கு வருந்தவேண்டாம். பலூனில் நிரப்பும் ஹீலியம், இயற்கை எரிவாயுவோடு கிடைக்கும் துணைப்பொருள். உலகில் மிகச் சில நாடுகளே அதைப் பெருமளவில் பிரித்தெடுக்கின்றன. அங்கே ஒரு ஆலை நின்றால் உங்கள் லாபம் ஆடும். ‘ரப்பர்தானே, மக்கிவிடும்’ என்கிறார்கள். 2021-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 16 வாரம் கழித்தும் அந்தப் பலூன்கள் பெரிய மாற்றமின்றிக் கிடந்தன.

கடன் எப்போது வாங்கலாம்? ஒரு சிறிய நோட்டு போடுங்கள். செட் இல்லை என்று யாரை, எந்த நாளில் திருப்பி அனுப்பினீர்கள் என்று மூன்று மாதம் எழுதுங்கள். காசு கொடுத்து எடுக்க வந்தவர்களை மட்டும். வாரம் ஒருவராவது தேறினால் இன்னொரு செட் வாங்கலாம். கையிருப்பில் வாங்க முடிந்தால் நல்லது. கடன்தான் என்றால், தோரணம் வெளுப்பதற்குள், அதாவது பதினெட்டு மாதத்துக்குள் அடைந்துவிடும் கடனாகப் பாருங்கள். வெளுத்துப்போன துணிக்குத் தவணை கட்டுவதைப் போன்ற சலிப்பு வேறில்லை. நோட்டு காலியாகவே இருந்தால் புது செட் எதற்கு? இருக்கிற செட்டை வார நாட்களில் அலுவலகக் கூட்டங்களுக்கு விட ஆள் தேடுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டோடு மறுபடி எழுதுங்கள்.