பத்து கோர்ஸ் விருந்தும் கார்டு நிலுவையும்: எதை முதலில் முடிப்பது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இருவருக்கும் சேர்த்துக் கையில் வருவது மாதம் 1,52,000 ரூபாய். வாடகை 38,000, கார் இ.எம்.ஐ. 16,200, எஸ்.ஐ.பி. (மாதா மாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது) 25,000, தஞ்சாவூரில் இருக்கும் என் பெற்றோருக்கு 10,000, வீட்டுச் செலவு 45,000. இதெல்லாம் போக 18,000 அளவுக்கு மிஞ்சும். அவசரத்துக்கென்று 1,50,000 ரூபாய் எஃப்.டி. இருக்கிறது. கிரெடிட் கார்டில் 42,000 நிலுவை. நாலைந்து மாதமாக மினிமம் தொகை மட்டும் கட்டி வருகிறோம்.

இன்னும் ஆறு மாதத்தில் அப்பா அம்மாவுக்கு 40ஆம் திருமண நாள். ஊருக்கு வெளியே பண்ணைக்குள் இருக்கும் ஓர் உணவகத்துக்கு அவர்களை அழைத்துப் போக ஆசை. அங்கே மெனு கார்டு கிடையாது. பத்து கோர்ஸ், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துத் தட்டுகள் வரும், என்னென்ன என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். ஆளுக்கு 6,000, வரி தனி. கணவர் ஒயின் பேரிங் (தட்டுகளுக்குப் பொருத்தமாகக் கூடவே தரும் ஒயின்) எடுப்பார், அது 4,500. எனக்கு மது இல்லாத பேரிங், 1,800. அப்பாவும் அம்மாவும் சைவம், முட்டைகூடக் கிடையாது. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. இந்தச் செலவைக் கார்டில் தேய்த்து ஆறு மாத இ.எம்.ஐ. ஆக்கிக்கொள்ளலாமா? இல்லை, ஒரு மாதம் எஸ்.ஐ.பி.யை நிறுத்தலாமா? ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவா என்ற உறுத்தலும் இருக்கிறது.
– வாசகி, அல்சூர்

பதில்: உறுத்தலை முதலில் தள்ளி வையுங்கள். உங்கள் வருட வருமானம் 18,24,000 ரூபாய். இந்த விருந்துக்கு எல்லாம் சேர்த்து 37,500 ஆகும் என்று கீழே கணக்குப் போட்டிருக்கிறேன். அது வருமானத்தில் சுமார் 2 சதவீதம். நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த பெற்றோரைக் கொண்டாட இந்தத் தொகை அதிகம் இல்லை. தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் இன்றிருக்கும் நிலையில், அந்தக் கார்டில் மட்டும் இந்தச் செலவைச் செய்யாதீர்கள்.

காரணம் இதுதான். கார்டில் முழு நிலுவையையும் கட்டி வருபவருக்குத்தான் வட்டியில்லாத நாட்கள் உண்டு. மினிமம் மட்டும் கட்டுபவருக்கு அந்தச் சலுகை போய்விடும். நீங்கள் புதிதாகத் தேய்க்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அடுத்த பில் தேதிக்குள் கட்டிவிடுவேன் என்று நினைத்து உணவக பில்லைத் தேய்த்தாலும் வட்டி தப்பாது.

பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதாவது வருடத்துக்கு 42 சதவீதம். அந்த விகிதத்தில் 42,000-க்கு ஒரு மாத வட்டி 1,470. வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அது 265. ஆக மொத்தம் 1,735. மினிமம் தொகை 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 2,100. அதில் அசலில் குறைவது வெறும் 365 ரூபாய். நாலைந்து மாதமாகக் கட்டியும் நிலுவை அசையாமல் நிற்பதற்கு இதுவே காரணம். இதன் மேல் விருந்துச் செலவில் 35,000 ரூபாயையும் ஏற்றினால் மாதம் இன்னொரு 1,445 கூடும். ஆறு மாதம் இப்படியே ஓடினால் வட்டியாக மட்டும் போவது 8,600-க்கு மேல். இன்னொருவரை அழைத்துப் போய் மது இல்லாத பேரிங்கோடு சாப்பிட வைத்திருக்கலாம்.

அதனால் இந்த வாரமே எஃப்.டி.யிலிருந்து 42,000 எடுத்துக் கார்டை அடைத்துவிடுங்கள். அவசர நிதியில் கை வைக்கலாமா என்று தயங்குவீர்கள், அந்தத் தயக்கம் நியாயமானதே. ஆனால் எஃப்.டி. தரும் வட்டி ஒற்றை இலக்கம், கார்டு பிடுங்கும் வட்டி 42 சதவீதம். முன்கூட்டி எடுத்தால் வங்கிகள் பெரும்பாலும் அரை முதல் ஒரு சதவீதம் வட்டியைக் குறைக்கும். ஒரு சதவீதம் என்றே வைத்தாலும் 42,000-க்கு ஒரு வருடத்துக்கு 420 ரூபாய்தான் இழப்பு. கார்டில் அது ஒரு வார வட்டி. பகுதித் தொகையை மட்டும் எடுக்கும் வசதி உங்கள் எஃப்.டி.யில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முழுதையும் முடித்து, மீதி 1,08,000-ஐ அன்றே புது எஃப்.டி.யாகப் போடுங்கள். சேமிப்புக் கணக்கில் விட்டால் கரைந்துவிடும்.

அடைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டேட்மென்டில் அச்சான தொகையைக் கட்டியதோடு கதை முடியாது. ஸ்டேட்மென்ட் தேதிக்கும் நீங்கள் பணம் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அடுத்த பில்லில் சில நூறு ரூபாயாக வந்து நிற்கும். ‘எல்லாம் கட்டியாச்சே’ என்று அதைக் கண்டுகொள்ளாமல் விடுபவர்கள் நிறைய. அந்தச் சில நூறு பாக்கி நின்றாலும் வட்டியில்லாத நாட்கள் திரும்பக் கிடைக்காது. அடுத்த பில்லையும் பைசா பாக்கியில்லாமல் கட்டுங்கள். அதுவரை அந்தக் கார்டை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

இ.எம்.ஐ. யோசனைக்கு வருகிறேன். பெரிய தொகை தேய்த்தவுடன் ‘தவணையாக மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று குறுஞ்செய்தி வரும். வருட வட்டி 16 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 35,000-க்கு ஆறு மாதத்தில் வட்டி 1,650 வரும். அதன் மேல் ஜி.எஸ்.டி., பிராசசிங் கட்டணம் எல்லாம் சேர்த்தால் 2,200-ஐ நெருங்கும். மினிமம் கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் உங்களுக்கு ஆறு மாத அவகாசம் இருக்கிறது. சாப்பிட்ட பின் ஆறு மாதம் கட்டுவதற்குப் பதிலாக, போவதற்கு முன்பே சேர்த்துவிடலாம்.

எஸ்.ஐ.பி.யைத் தொடாதீர்கள், தேவையே இல்லை. கணக்கில் பணம் வைக்காமல் விட்டு ‘நிறுத்துவது’ இன்னும் மோசம். வங்கி பவுன்ஸ் கட்டணம் பிடிக்கும், தொடர்ந்து தவறினால் எஸ்.ஐ.பி.யே ரத்தாகும்.

இனி பில். தட்டில் என்ன வருகிறது என்பது ரகசியமாகவே இருக்கட்டும். பில்லில் என்ன வரும் என்பது முன்பணம் கட்டும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு பேருக்கு மெனு 24,000. உங்கள் பேரிங் 1,800. ஆக 25,800. தனி உணவகம் என்றால் இதற்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 1,290 ரூபாய். ஒயின் 4,500. மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநில வரி ஏதாவது இருந்தால் அது மட்டுமே. ஆக 31,590, ஒயினுக்கு மாநில வரி இருந்தால் அது தனி. ஒயினையும் சாப்பாட்டையும் ஒரே தொகையாகச் சேர்த்து மொத்தத்துக்கும் ஜி.எஸ்.டி. போட்டுவிடும் தவறு நடப்பதுண்டு. பில்லில் உணவும் மதுவும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இதே விருந்து நட்சத்திர ஹோட்டலுக்குள் என்றால் கணக்கு மாறும். 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள விதிப்படி, முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கிய ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்துக்கு வரி 18 சதவீதம். 25,800-க்கு 4,644 வரும். அதாவது 3,354 ரூபாய் கூடுதல். இரண்டு இடங்களை ஒப்பிடும்போது மெனு விலையை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

அடுத்தது சர்வீஸ் சார்ஜ். 10 சதவீதம் போட்டால் 3,030. அதற்கும் ஜி.எஸ்.டி. ஏறி 3,180 அளவுக்கு ஆகும். இதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதை உறுதி செய்தது. வேண்டாமென்றால் எடுத்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் சொல்லலாம். ஆனால் அப்பா அம்மா முன்னால், நாற்பதாம் திருமண நாளில், பில்லை வைத்துக்கொண்டு வாதாட வேண்டிய நிலை வரக் கூடாது. முன்பணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்: ‘6,000-க்கு மேல் என்னென்ன சேரும்? சர்வீஸ் சார்ஜ் உண்டா? நாங்கள் நேரடியாக டிப்ஸ் கொடுக்க விரும்புகிறோம்.’ எழுத்தில் பதில் வந்துவிட்டால் அன்று பேச்சே எழாது. டிப்ஸாக 1,500 ஒதுக்கியிருக்கிறேன். பத்து முறை தட்டு மாற்றி, ஒவ்வொன்றையும் விளக்கிச் சொல்லும் பணியாளர்களுக்கு அது தகும். ரொக்கமாக அவர்கள் கையில் கொடுங்கள்.

இதுவரை 33,090. பண்ணை ஊருக்கு வெளியே இருப்பதால் திரும்பி வர இரவு பத்தரைக்கு மேல் வண்டி கிடைப்பது கஷ்டம். உங்கள் கார் இருந்தாலும் கணவர் ஒயின் குடித்துவிட்டு ஓட்டக் கூடாது. நீங்கள் ஓட்டுவதாக இல்லையென்றால், போக வரவும் காத்திருக்கவும் சேர்த்து மணிக்கணக்கு வாடகை வண்டி எடுங்கள். அதற்கு 2,800 வைத்திருக்கிறேன். மொத்தம் 35,890. பாக்கி 1,610 ஒயினுக்கு மாநில வரி இருந்தால் அதற்கும் பாட்டில் தண்ணீர் போன்ற சில்லறைக்கும். நடுவில் ‘இதோடு ட்ரஃபிள் (விலை உயர்ந்த ஒரு வகைப் பூஞ்சை) சேர்க்கட்டுமா’ என்று கேட்டால் அது இலவசம் என்று நினைத்துத் தலையாட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அது தனிக் கட்டணம். சாதாரணத் தண்ணீர் போதும் என்று உட்கார்ந்தவுடனே சொல்லிவிடுங்கள்.

ஆக இலக்கு 37,500. ஆறு மாதம் இருக்கிறதே என்று ஆறு மாத ஆர்.டி. (மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பு) போட நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். இப்படிப்பட்ட இடங்களில் முன்பதிவின்போதே ஒரு பகுதியையோ முழுத் தொகையையோ வாங்கிவிடுவார்கள். வட பெங்களூரில் சாத்தனூர் பக்கம் 37 ஏக்கர் பண்ணைக்குள் இருக்கும் ஃபார்ம்லோரில் ஒரு வேளைக்கு உட்காருவதே 18 பேர்தான். அவ்வளவு சிறிய இடத்தில் தலைக்கணக்கு வைத்துத்தான் காய்கறி முதல் மீன் வரை வாங்குவார்கள். நான்கு பேர் கடைசி நேரத்தில் வராவிட்டால் அன்றைய வரவில் பெரிய ஓட்டை விழும். அதனால்தான் முன்பணமும் கறாரான ரத்து விதியும். நீங்கள் பணம் கட்ட வேண்டியது விருந்துக்கு ஒரு மாதம் முன்பே இருக்கலாம், ஆர்.டி. அன்றைக்கு முதிர்ந்திருக்காது.

எனவே ஐந்து மாதக் கணக்கு. தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில், சம்பளம் வந்த மறுநாளே தானாக 7,500 போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஐந்து மாதத்தில் 37,500. வட்டி பெரிதாக வராது, பரவாயில்லை. மிஞ்சும் 18,000-ல் மீதி 10,500 மாதா மாதம் அவசர நிதிக்கு. ஆறாவது மாதம் 18,000-ம் அதற்கே. ஆறு மாத முடிவில் அவசர நிதி 1,08,000-லிருந்து 1,78,500 ஆகியிருக்கும். கார்டுக் கடனும் இருக்காது. உங்கள் வீட்டுக்கு எஸ்.ஐ.பி. நீங்கலாக ஒரு மாதச் செலவே 1,09,200 என்பதால், விருந்து முடிந்த பிறகும் அந்த நிதியை மூன்று மாதச் செலவு அளவுக்காவது வளர்த்துக்கொண்டே போங்கள்.

முன்பணம் கட்டும் வேளையில் கார்டு சுத்தமாக இருந்தால் அதில் தேய்க்கலாம், பணம் தனியே தயாராக இருப்பதால் பில் வந்ததும் முழுதும் கட்டிவிடலாம். ‘உணவகங்களில் 15 சதவீதம் தள்ளுபடி’ என்ற கார்டு சலுகையை நம்பி பட்ஜெட்டைக் குறைக்காதீர்கள். உச்சவரம்பு இருக்கும், முன்பதிவுக் கட்டணத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. 12,000 ரூபாய் கொடுத்து அப்பாவும் அம்மாவும் பாதித் தட்டுகளைத் தொடாமல் எழுந்துவிடக் கூடாது. சர்ப்ரைஸ் மெனுவில் அந்த ஆபத்து உண்டு. முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லுங்கள்: இரண்டு பேர் சைவம், முட்டை இல்லை, விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இல்லை, மீன் சாஸோ எலும்புச் சாறோ எதிலும் கூடாது. இனிப்பு கோர்ஸ்களில்தான் முட்டை அதிகம் ஒளிந்திருக்கும். மூன்று நாள் முன்பு மறுபடி ஞாபகப்படுத்துங்கள். அன்றைக்குப் போய்ச் சொன்னால் சமையலறை ஏதோ ஒன்றை மாற்றித் தரும், விலை மட்டும் குறையாது. சைவ மெனுவுக்கு வேறு விலை உண்டா என்றும் கேளுங்கள், சில இடங்களில் குறைவாக இருக்கும்.

பத்து கோர்ஸ் முடிய மூன்று மணி நேரம் ஆகலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு முதல் தட்டு எப்போது வரும், வயிறு நிறையும் உணவு எப்போது வரும் என்பது முக்கியம். மதிய வேளை இருந்தால் அதையே எடுங்கள், வண்டிப் பிரச்சினையும் குறையும். மருந்து நேரத்தை அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிட்டு, உணவகத்திடமும் சொல்லிவையுங்கள்.

அப்பா அம்மாவுக்குப் பழகாத சுவையே பிடிக்காது என்றால் இன்னொரு வழியும் உண்டு. சென்னை ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் தொடங்கிய ஆவர்த்தனாவில் தென்னிந்தியச் சுவைகளையே பல கோர்ஸ் விருந்தாகத் தருகிறார்கள். ஏழு கோர்ஸிலிருந்து பதின்மூன்று வரை தேர்வு உண்டு. தக்காளி ரசம் மார்ட்டினி கிளாஸில் வரும், ஆனாலும் அது ரசம்தான். தஞ்சாவூரிலிருந்து சென்னை வருவதும் அவர்களுக்குச் சுலபம். ஆனால் அங்கே 18 சதவீத வரியையும் நீங்கள் இருவரும் சென்னை போய்வரும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பெங்களூருதான் என்றால் தேதிகளை இப்படிக் கோத்துக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கும். அன்றே தஞ்சாவூரிலிருந்து மைசூர் எக்ஸ்பிரஸில் விருந்துக்கு இரண்டு நாள் முன்பாகவே வந்து சேரும்படி டிக்கெட் போடுங்கள், அந்தச் செலவு இந்த 37,500-ல் சேராது. டிக்கெட் உறுதியான பிறகே உணவகத்துக்கு முன்பணம். கட்டும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். எத்தனை மணி நேரம் முன்பு ரத்து செய்தால் பணம் திரும்பும்? நான்கு பேரில் ஒருவர் வர முடியாவிட்டால் அவர் பங்கு என்னாகும்? வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால் தயங்காமல் கட்டுங்கள்.